செய்மதியின் ஆறாம் கூறு

வெங்காயம் நட்டு முப்பதாம் நாள் காலை ஞானாம்பிகை தண்ணீர் இறைக்கப் போனபோது கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. முதல்நாள் பின்னேரம் அது இந்தப் பக்கம்தான் இருந்தது. கிணறு அசையவில்லை. வேலிதான் வந்திருந்தது.

புத்தம்புதுக் கம்பிவேலி. ஒவ்வொரு தூணிலும் ஓர் இலக்கம். நடுவே இரும்புக் கேற். கேற்றில் ஒரு பூட்டு, பூட்டுக்கு மேலே மூன்று மொழிகளில் ஒரு பலகை.

"பன்னாட்டுப் படைத்துறை ஆய்வு ஒத்துழைப்பு. சிறு கூறுச் செய்மதித் திட்டம். தரை நிலையம். உங்கள் ஆதரவுக்கு நன்றி."

ஞானாம்பிகை கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள். தான் எப்போது ஆதரவு கொடுத்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

கேற்றில் துவக்கோடு ஒரு சிப்பாய் நின்றார்.

"தம்பி, உது என்ரை கிணறு."

"பாஸ்," என்றார் அவர், அனுமதிச் சீட்டுக்குக் கையை நீட்டி.

"இறைக்கிற மிசினும் என்ரைதான். அங்கை கொட்டிலுக்குள்ளை நிக்குது பாருங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். மிசின் நின்றது. "மிசினுக்கும் பாஸ்," என்றார்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். சீவரத்தினம் முன்பு லொறி ஓடியவர். முதுகு பிடித்துக்கொண்ட பிறகு மூன்று வருடமாகக் கதிரையில் இருந்து உலகத்தை ஓட்டுகிறார்.

"இஞ்சேருங்கோ, கிணத்தை அடைச்சுப் போட்டாங்கள்."

"ஆர்?"

"ஆறு நாடு சேர்ந்து. கேற்றிலை ஆறு கொடி நிக்குது."

சீவரத்தினம் பத்திரிகையை மடித்து வைத்தார். "ஒரு கிணத்துக்கு ஆறு நாடோ? சர்வதேசம் எங்களைத் திரும்பியும் பாக்கிறேல்லை எண்டெல்லோ இவங்கள் எழுதுறாங்கள்!"

அந்தக் கிணறு மயிலிட்டிக்குத் தெற்கே செம்மண் காணிக்குள் இருந்தது. ஞானாம்பிகையின் பாட்டனார் தன் காணியை மூன்று பிள்ளைகளுக்கும் பிரித்து எழுதியபோது கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது என்பதால் உறுதிப் பத்திரத்தில் பிரித்தார். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஞானாம்பிகைக்கு வந்த நாலு பரப்புக் காணிக்கும் உறுதியில் அப்படித்தான் எழுதியிருந்தது: கிணற்றில் மூன்றில் ஒரு பங்கும், வழி வாய்க்கால் பாத்தியமும். கிணறு நின்ற துண்டு பெரியப்பாவின் மகனுடையது. அவன் ரொறன்ரோவில். மற்றப் பங்குகாரி ஒஸ்லோவில். ஒருவர் பனி வழிக்கிறார், மற்றவர் பேருந்து ஓட்டுகிறார். இருவரும் கிணற்றைப் பற்றி வருடத்தில் ஒரு தடவை தொலைபேசியில் விசாரிப்பார்கள். அந்த வகையில் அது முன்னமே ஒரு பன்னாட்டுக் கிணறுதான்.

இருபத்தேழு வருடம் அந்தக் காணிகள் வேறொரு வேலிக்குள் கிடந்து, எட்டு வருடத்துக்கு முன்னர்தான் விடுபட்டன. ஞானாம்பிகை பற்றை வெட்டினாள், கல் பொறுக்கினாள், கிணற்றில் சேறு அள்ளினாள், கடன் எடுத்து மிசின் வாங்கினாள். இந்த வருடம்தான் நாலு பரப்பும் முழுக்க வெங்காயம். அறுபத்தைந்து நாளில் கிண்டி எடுக்கலாம். அதுவரை நாலு நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வேண்டும். வெங்காயத்துக்கு நாலு நாள் என்றால் நாலு நாள். அது பாஸ் கேட்காது, காரணமும் கேட்காது.

பக்கத்துக் காணி லெனாட் நல்ல மனிதன். தன் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துவிட்டான்.

"நாலு இறைப்புத் தாறன் அக்கா. அதுக்கு மேலை இறைச்சால் என்ரை கிணறு உவராப் போயிடும். பிறகு உங்கடை வெங்காயமும் இல்லை, என்ரை மிளகாயும் இல்லை."

நாலு இறைப்பு. பதினாறு நாள். ஞானாம்பிகை உறுதியை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு தரை நிலையத்துக்குப் போனாள்.

*

அலுவலகம் ஒரு கொள்கலப் பெட்டிக்குள் இருந்தது. குளிரூட்டி ஓடியது. உள்ளே ஒரு மேசைக்குப் பின்னால் ஆரணி என்றொரு பிள்ளை இருந்தாள். பண்டத்தரிப்பைச் சேர்ந்தவள். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம். செய்மதித் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்து, நேர்முகத்தில் செய்மதி சுற்றும் ஒழுக்குகளைப் பற்றி முக்கால் மணி நேரம் சரியாகப் பதில் சொல்லி, சமூகத் தொடர்பு உதவியாளராக நியமனம் பெற்றவள். இரண்டு வருடமாகச் செய்மதியைக் கண்ணால் காணவில்லை. பாஸ் எழுதினாள், கதைப்பவற்றை மொழிபெயர்த்தாள். மெதுவாகத்தான் கதைப்பாள். எதிரே இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும்.

"அன்ரி, இருங்கோ. விளங்கப்படுத்துறன். வானத்துக்கு அனுப்பப் போற இந்தச் செய்மதி சின்னன். ஒரு அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு அடுக்குச் செய்யுது. ஒண்டு மின்கலம், ஒண்டு கமரா, ஒண்டு வானொலி, ஒண்டு சூரியத் தகடு, ஒண்டு கணினி. எல்லாத்தையும் ஒண்டோடை ஒண்டு கொழுவினால் செய்மதி."

"உது அஞ்செல்லோ, பிள்ளை. ஆறு கொடி நிக்குது."

ஆரணி பேனையை மூடி வைத்தாள். "ஆறாவது எங்கடை நாடு. எங்கடை பங்களிப்பு... அதைக் கேணல்தான் சொல்ல வேணும்."

நாடுகளின் பெயரைச் சொல்ல முடியாது. எந்தப் பெயரை முதலில் சொல்வது என்று உடன்பாடு வராததால் ஒப்பந்தத்தில் பெயர்களே இல்லை. மின்கல நாடு, கமரா நாடு என்று பெட்டியின் பெயரால்தான் அழைத்தார்கள். எங்கள் நாட்டுக்கு 'நிலம் தந்த நாடு' என்று பெயர். ஒருங்கிணைப்புக் கேணல் எந்த நாட்டுக்காரர் என்பதும் இரகசியம். அவர் உயரமானவர், சிவந்தவர், மிகவும் மரியாதையானவர். ஞானாம்பிகைக்கு எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பிறகு பதினைந்து நிமிடம் பேசினார். ஆரணி மொழிபெயர்த்தாள்.

"அம்மணி, இத்திட்டத்தின் உயிர்நாடி சமத்துவம். ஒவ்வொரு பங்காளி நாடும் ஒரு கூறு தர வேண்டும். நிலம் தந்த நாடு நிலத்தைத் தந்தது. ஆனால் நிலத்தை எதனோடும் கொழுவ முடியாது. கொழுவ முடியாதது கூறு ஆகாது. ஏழு மாதம் ஆராய்ந்தோம். அப்போது எங்கள் பொறியியலாளர் ஒருவர் உங்கள் கிணற்றைக் கண்டார். அதில் ஒரு குழாய் இருந்தது. குழாயைக் கொழுவலாம். அந்தக் கணமே எங்கள் ஒத்துழைப்பு முழுமை பெற்றது."

ஞானாம்பிகை ஆரணியைப் பார்த்தாள். "என்ன சொல்லுறார்?"

"உங்கடை கிணறுதான் செய்மதியின்ரை ஆறாம் கூறு எண்டு சொல்லுறார், அன்ரி."

"கிணத்தை மேலை அனுப்பப் போகினமோ?"

ஆரணி அதையும் மொழிபெயர்த்தாள். கேணல் சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "தற்போதைக்கு இல்லை," என்றார். "ஆறாம் கூறு தரையில் இருந்தபடியே பங்களிக்கும். மின்பிறப்பாக்கியைக் குளிர்விக்கும்."

"அப்ப எனக்குத் தண்ணி?"

"தாராளமாக. தண்ணீர் உங்களுடையது. மிசின் உங்களுடையது. மிசினை இயக்குவதுதான் ஒரு கூற்றை இயக்குவதாகிறது. கூற்றில் கொழுவப்படும் எந்தக் கருவியும் விண்வெளித் தகைமை பெற்றிருக்க வேண்டும். உங்கள் மிசினைச் சோதிப்போம். விரைவாக. ஒன்பது நாள்."

வெளியே வந்ததும் ஞானாம்பிகை கேட்டாள். "பிள்ளை, இந்த மனிசன் நல்லவரோ, கூடாதவரோ?"

"நல்லவர்தான், அன்ரி." ஆரணி குரலை இன்னும் தாழ்த்தினாள். "அதுதான் கஷ்டம்."

*

மிசினைச் சோதிக்க மூன்று நிபுணர்கள் வந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, தலைக்கு வலை. முதலில் மிசினின் எண்ணெயைத் துடைத்தார்கள். ஞானாம்பிகை வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். அந்த மிசின் பிறந்ததிலிருந்து அப்படிச் சுத்தமாக இருந்ததில்லை.

அதிர்வுச் சோதனை முதல். உந்துகணையில் ஏறும்போது படும் அதிர்ச்சியைத் தாங்குமா என்று பார்க்க மிசினை ஒரு மேசையில் பூட்டி ஆறு மணி நேரம் குலுக்கினார்கள். மிசினுக்கு அது பெரிய விஷயமில்லை. சும்மா ஓடும்போதே அது அதைவிடக் குலுங்கும். குலுக்கி முடிந்தபோது மேசையில் இரண்டு ஆணி கழன்றிருந்தது.

பிறகு குளிரூட்டிப் பார்த்தார்கள், சூடாக்கிப் பார்த்தார்கள். தேறியது. கடைசியில் காற்றில்லாத பெட்டி ஒன்றுக்குள் வைத்துப் பூட்டி, உள்ளிருந்த காற்றை எல்லாம் உறிஞ்சிவிட்டு, கயிற்றை ஓர் இயந்திரக் கையால் இழுத்தார்கள். நாற்பது தடவை இழுத்தார்கள். மிசின் தொடங்கவில்லை.

அறிக்கை மூன்று நாளில் வந்தது. எண்பத்திரண்டு பக்கம். கேணல் கவலையோடு வாசித்துக் காட்டினார். "வருந்துகிறேன், அம்மணி. உங்கள் மிசின் வெற்றிடத்தில் தொடங்கவில்லை."

"இஞ்சையும் ரெண்டு தரம் இழுத்தால்தான் தொடங்கும்," என்றாள் ஞானாம்பிகை.

ஆரணி கேணலிடம் ஏதோ சொன்னாள். மண்ணெண்ணெய் எரிய ஒட்சிசன் வேண்டும் என்பதைத்தான் சொன்னாள். பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பில் படிப்பது. மெழுகுதிரிக்கு மேல் போத்தலைக் கவிழ்க்கும் பரிசோதனை. கேணல் அதைக் கவனமாகக் கேட்டார். "மிகப் பெறுமதியான கருத்து. அதை எழுத்தில் தாருங்கள். துணைக்குழு ஒன்று அமைப்போம்," என்றார்.

அன்று பின்னேரம் லெனாட் குழாயைச் சுற்றினான். "அக்கா, மூண்டு இறைப்பு முடிஞ்சுது. இன்னும் ஒண்டு. நேற்று வாயிலை வைச்சுப் பாத்தனான். கொஞ்சம் கரிச்ச மாதிரிக் கிடக்கு."

ஞானாம்பிகை பாத்திகளுக்குள் நடந்தாள். வெங்காயத்தாள் நுனி மஞ்சளாகியிருந்தது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். சுண்டுவிரல் அளவு. இன்னும் இரண்டு கிழமை தண்ணீர் குடித்தால் அது வெங்காயம். குடிக்காவிட்டால் அது ஒரு கதை.

வீட்டில் சீவரத்தினம் கேட்டார். "அறிக்கை என்ன சொல்லுது?"

"சந்திரனிலை வெங்காயம் நட்டால் எங்கடை மிசின் சரிவராதாம்."

"அப்ப வேறை மிசின் வாங்கித் தாறினமாமோ?"

"சும்மா இருங்கோ."

*

அடுத்த படிவம் ஒன்பதாம் இலக்கம். கிணற்றில் தனக்குள்ள தொடர்பை நிரூபிக்க வேண்டும். ஞானாம்பிகை பொலித்தீன் பையை அவிழ்த்து உறுதியைக் கொடுத்தாள். கையெழுத்து உறுதி, அறுபது வருடப் பழசு. ஆரணி ஒரு முழு இரவு இருந்து அதை மொழிபெயர்த்தாள். வழி வாய்க்கால் பாத்தியம் என்பதற்கு மட்டும் பதினொரு வரி எழுத வேண்டி வந்தது.

அந்த மொழிபெயர்ப்பு திட்டத்தின் சட்ட ஆலோசகரிடம் போனது. அவர் அதை வாசித்துவிட்டு எழுந்து நடந்தாராம், ஒரு கோப்பை தண்ணீர் குடித்தாராம், பிறகு கேணலுக்கு அறிவித்தாராம். நிலம் தந்த நாடு, உரியவர்கள் வெளிநாட்டில் என்று இரண்டு பங்கைத்தான் எடுத்திருக்கிறது. மூன்றாவது பங்கு இந்த அம்மணியிடம். ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது: ஒரு கூற்றில் காற்பங்குக்கு மேல் வைத்திருக்கும் தரப்பு எதுவும் பங்காளியாகும். மூன்றில் ஒன்று காலைவிடப் பெரிது. ஆரணி அதைக் கணித்துச் சரிபார்த்துக் கையொப்பமும் இட்டாள்.

இரண்டு நாளில் ஞானாம்பிகையின் வீட்டுக்குத் தங்க விளிம்பு போட்ட கடிதம் ஒன்று வந்தது. மேன்மைதங்கிய ஞானாம்பிகை சீவரத்தினம் அவர்கள் ஏழாவது பங்காளியாக உயர் மன்றத்தின் அமர்வுக்கு அழைக்கப்படுகிறார். தயவுசெய்து தங்கள் கொடியைக் கொண்டுவரவும். மூன்றடிக்கு இரண்டடி.

"கொடிக்கு எங்கை போறது?" என்றாள் ஞானாம்பிகை. அவளுடைய கண் கொடியில் கிடந்த, கணவன் உடுக்கும் சாரத்தில் நின்றது. உடுப்புக் காயப் போடும் கொடி.

"அடியே, அது புதுச் சாரம்!" என்றார் சீவரத்தினம். "தீபாவளிக்கு எடுத்தது."

"மேன்மைதங்கிய ஆள் பழசைக் கொண்டு போறதோ?"

*

அமர்வு நடந்த அன்று லெனாட்டின் நாலாவது இறைப்பு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. இனித் தண்ணீர் இல்லை. ஞானாம்பிகை விடியப் பாத்திகளைப் பார்த்துவிட்டுத்தான் சேலை மாற்றினாள்.

கூடாரத்துக்குள் நீள மேசை. ஏழு பெயர்ப் பலகை. மரபு அதிகாரி ஒருவர் நீலக் கட்டச் சாரத்தின் பாதியை இரண்டு கையாலும் வாங்கி, கம்பத்தில் ஏற்றி, சலூட் அடித்தார். பிறகு இந்தக் கொடியின் பொருள் என்ன என்று கேட்டார்.

"அது எங்கடை மனிசன்ரை சாரம்," என்றாள் ஞானாம்பிகை.

"குடும்ப மரபைக் குறிக்கிறது," என்று ஆரணி மொழிபெயர்த்தாள்.

முதலாவது விடயம்: எந்தப் பெட்டி அடியில் இருப்பது. பதினோராவது தடவையாக விவாதிக்கப்பட்டது. அடியில் இருக்கும் பெட்டி மற்றவற்றைச் சுமப்பதால் அது தங்களுக்கு இழிவு என்று மூன்று நாடுகளும், அடியில் இருக்கும் பெட்டி இல்லாவிட்டால் மற்றவை விழுந்துவிடும் என்பதால் அது தங்களுக்கே உரிய பெருமை என்று அதே மூன்று நாடுகளும் பேசின. விண்வெளியில் அடி, மேல் என்று ஒன்றும் இல்லை என்பதை ஆரணி ஒரு துண்டில் எழுதினாள். பிறகு அதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கமரா நாட்டின் பிரதிநிதி எழுந்தார். "நம்பிக்கையே ஒத்துழைப்பின் அடித்தளம். எங்கள் கமரா எடுக்கும் படங்களை எல்லாப் பங்காளிகளும் பெறுவார்கள். எங்கள் நாடு, எங்கள் நண்பர்களின் நாடுகள், கடல், மேகம் ஆகியன தெரியும் படங்கள் தவிர."

கைதட்டினார்கள்.

மின்கல நாட்டின் பிரதிநிதி எழுந்தார். "எங்கள் மின்கலம் நட்பு நாடுகளின் பெட்டிகளுக்குத் தடையின்றி மின்சாரம் தரும். நட்பு நாடுகளின் பட்டியல் எங்களிடம் உண்டு. அது அடிக்கடி மாறும். எந்த நாளில் எது என்பது இரகசியம்."

அதற்கும் கைதட்டினார்கள்.

வானொலி நாட்டின் பிரதிநிதி தங்கள் பெட்டி செய்திகளைப் பூமிக்கு அனுப்பும் என்றும், எந்தப் பூமிக்கு என்பது பற்றிப் பேச்சுவார்த்தை நடப்பதாகவும் சொன்னார். ஆரணி மொழிபெயர்த்துவிட்டு, தான் சரியாகத்தான் மொழிபெயர்த்தாளா என்று ஒலிவாங்கியை மூடிக்கொண்டு ஒரு கணம் யோசித்தாள். சரியாகத்தான் இருந்தது.

ஞானாம்பிகை மேசையின் நடுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கறுப்பு வெல்வெட் துணியில் ஐந்து குழிகள் இருந்தன. சதுரமான குழிகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்னக் கொடி. குழிகளுக்குள் ஒன்றும் இல்லை.

அவள் குழிகளைக் கையால் காட்டி, குனிந்து ஆரணியிடம் கேட்டாள். ஒலிவாங்கி போட்டிருந்தது அவளுக்குத் தெரியாது. "பிள்ளை, பெட்டியள் எங்கை?"

யாரும் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. அவள் கை காட்டிய இடம் எல்லோருக்கும் விளங்கியது.

கமரா நாடு தொண்டையைச் செருமியது. "கமரா தற்போது எங்கள் சொந்த மண்ணில் சோதனையில் உள்ளது. பதினான்காம் பிரிவின்படி."

"மின்கலமும்," என்றது மின்கல நாடு. "பதினான்காம் பிரிவு."

ஐந்து பெட்டியும் பதினான்காம் பிரிவில்தான் இருந்தன. ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஆரணி அவளுக்கு விளங்கப்படுத்தினாள். "ஒவ்வொரு பங்காளிக்கும் தன்ரை கூற்றைத் தன்ரை எல்லைக்குள்ளை வைச்சுச் சோதிக்க உரிமை இருக்கு. சோதனை முடியுமட்டும் ஒருத்தரும் தொடேலாது."

"சோதனை முடிஞ்சுதோ எண்டு ஆர் சொல்லுறது?"

"கூறு ஆற்றையோ, அவைதான்."

"கமரா போய் எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசத்துக்கு மேலை, அன்ரி."

"தாங்கோ எண்டு ஆரும் கேக்கிறேல்லையோ?"

"மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் கடிதம் போகும். சோதனை தொடருது எண்டு பதில் வரும்."

ஞானாம்பிகை நாற்காலியில் சாய்ந்தாள். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாலு பரப்புக்கு மேலும் அதே வெயில்தான். அவள் தன் பெயர்ப் பலகையைப் பார்த்தாள். காற்றில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த சாரத்தையும் பார்த்தாள். பிறகு கையை உயர்த்தினாள். வகுப்பில் உயர்த்துவதுபோல.

"ஏழாவது பங்காளி," என்றார் கேணல்.

"ஐயா, கிணத்திலை ஒரு பங்கு என்ரை. நானும் என்ரை கூற்றை என்ரை எல்லைக்குள்ளை வைச்சுச் சோதிக்க வேணும். அந்தப் பதினாலாம் பிரிவிலை."

ஆரணி எழுந்து நின்று மொழிபெயர்த்தாள். அவள் குரல் வழமையைவிடச் சத்தமாக இருந்தது. ஒருவரும் குனிய வேண்டியிருக்கவில்லை.

சட்ட ஆலோசகர் பக்கங்களைப் புரட்டினார். "கிணற்றை நகர்த்த முடியாதே," என்றார்.

"கிணறு நிக்கட்டும், ஐயா. வேலி நடக்கும். அண்டைக்கு வந்தது தானே, ஒரு இரவிலை."

சட்ட ஆலோசகர் மேலும் புரட்டினார். கூறு பங்காளியின் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்றுதான் பிரிவில் இருந்தது. கூறு எல்லைக்குள் போக வேண்டுமா, எல்லை கூற்றிடம் வர வேண்டுமா என்று எழுதியவர்கள் சொல்லவில்லை.

கேணல் மேசையைச் சுற்றிப் பார்த்தார். யாருக்காவது ஆட்சேபனை உண்டா? கமரா நாடு மின்கல நாட்டைப் பார்த்தது. மின்கல நாடு வெல்வெட் துணியைப் பார்த்தது. இந்தப் பெண்மணிக்குப் பதினான்காம் பிரிவை மறுத்தால் நாளைக்கு அது யாருக்கு மறுக்கப்படும் என்று எல்லோருக்கும் கணக்குத் தெரியும்.

நிலம் தந்த நாட்டின் பிரதிநிதி மட்டும் எழுந்தார். மூன்றில் இரண்டு பங்கு அவருடையது. கூடாரம் முழுவதும் அவரைப் பார்த்தது. "மற்ற எல்லா நாடுகளின் கூறுகளும் சோதனையில் இருக்கும்போது," என்றார் அவர், குரல் தழுதழுக்க, "எங்கள் நாட்டுக்கு மட்டும் நாலு வருடமாகச் சோதிக்க ஒரு கூறு இல்லாமல் இருந்தது எங்களுக்கு ஒரு மனக்குறை. இன்று எங்கள் நாடும் அந்த நிலையை எட்டுகிறது. ஆதரிக்கிறோம்."

ஏழு கை உயர்ந்தது. நாலு வருடத்தில் மன்றம் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அது. எழுந்து நின்று கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். படத்தில் ஞானாம்பிகை மட்டும் சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

*

மறுநாள் விடிய வேலி பதினெட்டடி நடந்தது. தூண்களை இலக்கப்படி பிடுங்கி, இலக்கப்படி நட்டார்கள். மரபு அதிகாரி வந்து கிணற்றுக்கு சலூட் அடித்து வழியனுப்பினார். கிணறு அசையவில்லை.

மிசினில் தகைமையற்றது என்று சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. ஞானாம்பிகை அதைக் கிழிக்கவில்லை. கயிற்றைச் சுற்றி இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் மிசின் பிடித்தது. சுத்தமாகத் துடைத்ததாலோ என்னவோ, சத்தம்கூடக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் வாய்க்காலில் ஓடி முதல் பாத்திக்குள் இறங்கியது. மண் அதைச் சத்தம் போட்டுக் குடித்தது.

மேற்குப் பக்கத்தில் ஒரு பரப்புப் போய்விட்டது. மூன்று பரப்புத் தப்பியது.

வெங்காயம் கிண்டிய கிழமை ஆரணி சைக்கிளில் வந்தாள். கையில் தங்க விளிம்புக் கடிதம். "அன்ரி, மூண்டு மாசம் ஆகேல்லை, ஆனால் கேணல் கேக்கச் சொன்னவர். வருடாந்த அறிக்கைக்கு வேணுமாம். ஆறு கூற்றிலை இயங்குற நிலையிலை இருக்கிறது உங்கடை ஒண்டுதானாம். அதைத்தான் முகப்பிலை போடப் போகினம்."

படிவத்தில் ஒரே ஒரு கேள்வி. ஆறாம் கூற்றின் சோதனை முடிவடைந்துவிட்டதா? முடிவடையாவிட்டால் காரணம்.

"மற்ற நாட்டுக்காரர் என்ன எழுதுறவை, பிள்ளை?"

"நீங்கள் கேப்பீங்களெண்டு கொண்டு வந்தனான்." ஆரணி கமரா நாட்டின் பதிலின் பிரதியை எடுத்துக் காட்டினாள். அச்சடித்த இரண்டு சொல். கீழே முத்திரை.

கதிரையிலிருந்து சீவரத்தினம் சத்தம் போட்டார். "அப்பிடியே பாத்து எழுது. பிழை விடாதை!"

ஞானாம்பிகை மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பேனையை வாங்கினாள். சோதனை தொடர்கிறது என்று எழுதினாள். முத்திரை இல்லாததால், முடிந்து வைத்திருந்த வெங்காயப் பிடிகளில் நல்லதாய் ஒன்றை எடுத்துப் படிவத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள்.

"இதென்ன அன்ரி?"

"பரிசோதனை முடிவு," என்றாள் அவள். பிறகு அடுத்த போகத்துக்குப் புழுதி ஈரமாக்க மிசினின் கயிற்றை இழுக்கப் போனாள்.